மிருதங்கத்துக்கு வார் பிடிக்க வேண்டும்

முள்ளியவளை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு. முதலில் அதைச் செய்.

இங்கே மழை காணாது. யானை வந்து வேலிக்கரைத் தென்னை இரண்டைச் சாய்த்துவிட்டது. சரி, அது கிடக்கட்டும்.

பெரியம்மா ஒரு கோவில் நோட்டீஸ் கொண்டுவந்து காட்டினார். பாட்டு, வயலின் எல்லாவற்றுக்கும் பெயர், பட்டம், ஊர் போட்டிருக்கிறது. மிருதங்கத்துக்கு நேரே யாரோ ஒரு தம்பியின் பெயர். நீ வாசிக்கப்போவதாகத்தானே சொன்னாய்? பாடுகிறவருக்குப் பெண்பிள்ளை பக்கத்தில் இருந்து வாசிப்பது சரிவராதாம் என்று பெரியம்மா எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் கனகாலம் பெண்களின் கச்சேரிக்கு வாசிக்கவே மாட்டார் என்று நீதான் ஒருநாள் அடுப்படியில் இருந்து சொன்னாய். பிறகு பாட்டுக்காரி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தவர்தானே. சென்னை மியூசிக் அகாடமிக்கு ஒரு பெண்ணிடம் சங்கீத கலாநிதிப் பட்டத்தைக் கொடுக்க 1968 ஆகிவிட்டது, அதுவும் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு! பாடுகிறவர்களுக்கே அப்படியென்றால் தோல் வாத்தியம் தொட்டவளை விடுவார்களா? திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் அந்தக் காலத்திலேயே மிருதங்கம் வாசித்தவர். கடம் வாசிக்கிற சுகன்யா ராம்கோபாலும், பெண்ணோடு வாசிக்கமாட்டேன் என்ற மிருதங்கக்காரரைக் கண்டவர்தான். எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது நீயே மறந்துவிட்டாயோ என்னவோ.

வீணை பழகட்டும், அதுதான் பெண்பிள்ளைக்கு அழகு என்று அப்பம்மா சொன்னார். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் பறைச் சத்தத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டு நின்ற பிள்ளையிடம் வீணையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மனும் பெண்தான், முன்னால் கொட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். வயலில் அவ்வளவு பாட்டுப் பாடின அம்மம்மாவை ஒருத்தரும் பாட்டுக்காரி என்று சொன்னதில்லை. செத்தவீட்டில் ஒப்பாரிக்கு மட்டும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

ஆனால் பிள்ளை, நீயும் வாய் திறக்க வேண்டும். மருதனார்மடத்தில் சங்கீதம் படிக்கிற இடத்தில் அத்தனை பெடியங்களுக்கு நடுவில் வாசித்துப் பெயரெடுத்தவள், ஒரு நோட்டீஸுக்குப் பேசாமல் இருக்கிறாயா? சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. யார் மாத்தினது என்று கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேள். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், பிறகு உனக்குத்தான் வெட்கம்.

நீ வீட்டில் விட்டுப்போன சின்ன மிருதங்கம் வார் தளர்ந்து கிடக்கிறது. தம்பி யாழ்ப்பாணம் வரும்போது கொடுத்துவிடவா? கீழ்வீட்டில் தங்கள் பெடியனுக்குக் கேட்டார்கள். மகள் வந்து வாசிப்பாள், தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?

அரிசிமா வறுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போடுகிறேன், நேரத்துக்குப் போய் எடு. சாப்பிடு.

அம்மா