மாவுப்பூச்சி: உறுப்பினர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாகக் குழுவில் வரும் படங்களில் பாதி ஒரே கதைதான்: செம்பருத்திக் கொழுந்து சுருண்டிருக்கு, கணுவில் வெள்ளைப் பஞ்சு. அது பூஞ்சை இல்லை, மாவுப்பூச்சி. இலையில் பிசுபிசுப்பும் கரும்படலமும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் எறும்பைப் பாருங்க. இலையில் பிசுபிசுப்பது மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவு; அதுக்காக எறும்பு இந்தப் பூச்சிக்குக் காவல் நிற்கும், செடிக்குச் செடி தூக்கிக்கிட்டும் போகும். எறும்பை விட்டுட்டு மருந்து அடிப்பது வீண் வேலை.

மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்க. உரக்குழியில் போடாதீங்க. மீதிக்கு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். நம்ம வேலூர் வெயிலில் பகலில் அடித்தால் இலை கருகிடும், சாயங்காலம் மட்டும். இலையின் அடிப்புறம் நனையணும். பூச்சியின் மேலே மெழுகு இருப்பதால் ஒரே தடவையில் சாகாது, ஒரு வாரம் விட்டு மறுபடி அடிங்க.

ஒண்ணு கவனம்: வெள்ளை நூல் நூலாக, கொஞ்சம் பெரிசாக, வேகமாக ஓடினால் அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்னும். நசுக்கிடாதீங்க!

பப்பாளி வைத்திருப்பவர்களுக்கு: 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது மருந்து இல்லை, 2010-ல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அசெரோஃபேகஸ் என்ற குட்டிக் குளவி. கண்டபடி விஷம் அடித்தால் அதுவும் சாகும்.

அணைக்கட்டு பக்கம் முள்ளுக்கத்தரி போட்டவங்க, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. அடங்கலைன்னா இலையை மூடிய கவரில் போட்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்க.