ஏற்காட்டில் தங்க வருவோரும் மருத்துவக் காப்பீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஏற்காட்டுக்கு வருகிறார்கள். வெளிநாட்டில் எடுத்த மருத்துவக் காப்பீட்டு பாலிசி இங்கேயும் செல்லும் என்று நம்பி வருவதுதான் முதல் சிக்கல். செல்லுபடியானாலும், காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவமனையோடு நேரடி ஒப்பந்தம் இல்லையென்றால் முழுத் தொகையையும் நாமே கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டு வாங்க முடியும். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியான பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் உறையில் உள்ள ஸ்டிக்கர் எல்லாம் அசலாக வேண்டும். ஸ்டிக்கரைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை.

இந்தியாவில் புதிதாக எடுத்தால், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் பொதுவாகப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு வைக்கலாம். ஆகவே, நோய் வந்தபின் எடுக்க நினைப்பது வீண்.

அறை வாடகை வரம்பு இன்னொரு கண்ணி. பாலிசி தரும் வரம்பு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இருக்க 10,000 ரூபாய் அறை எடுத்தால், வாடகைக்கு மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணத்துக்கும் காப்பீட்டில் கிடைக்கும் தொகை பாதியாகக் குறையலாம். மருந்துக்கும் ஸ்டென்ட் போன்ற உள்வைப்புக் கருவிக்கும் இந்த வெட்டு கூடாது. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

மாரடைப்பு என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சேலம் வரவேண்டும். 108 இலவசம், தனியார் ஆம்புலன்ஸ் என்றால் பாலிசியில் அதற்கான உச்சவரம்பை இப்போதே பாருங்கள்.

காப்பீட்டு ஆலோசகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.