எத்தனையாம் பிள்ளை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சிப் பக்கம் தரம் 2 படிப்பிக்கிறேன். போன விடுமுறையில் கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலியில் வரைபு போடப் பழகினேன், கைத்தொலைபேசியிலேயே. தேர்ச்சி அறிக்கையில் 54, 61 என்று புள்ளிகளை எழுதி அனுப்பினால் பெற்றோர் முதலில் கேட்பது 'எத்தனையாம் பிள்ளை?' என்றுதான், அதாவது வகுப்பில் எத்தனையாவது இடம் என்று. ஆனால் அதே பிள்ளை ஒவ்வொரு மாதமும் பிழையில்லாமல் எத்தனை சொல் வாசித்தது என்பதை ஒரு கோடாகக் காட்டியபோது, வயலிலிருந்து நேரே வந்த ஒரு அம்மா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு 'ஏறுது என்ன ரீச்சர்' என்றார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோசம்.

கவனமும் வேண்டும். சலாகை வரைபின் (பார் சார்ட்) அச்சு 0 இல் தொடங்காவிட்டால் இரண்டு புள்ளி வித்தியாசம்கூட மலைபோலத் தெரியும். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் பெயரோடு ஒரே வரைபில் போட்டு வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது கூடவே கூடாது, தரம் 5 புலமைப்பரிசில் போட்டி வருமுன்பே அந்தச் சின்ன மனசுகளை ஏன் நோகடிக்க வேண்டும்?

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு வலய மட்டத்தில் இதற்கென ஒரு நாள் செயலமர்வு வையுங்கள். சிக்னல் கிடைக்காத பள்ளிக்கூடங்களுக்குச் வரைபைக் கையால் கீறச் சதுரக்கோட்டுக் கொப்பியும் நிறப் பென்சிலும் போதும்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
கிளிநொச்சி