காப்புறுதி கடைக்கா, கேமராவுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் பதினாறு ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். மார்கழி கழிந்து தை பிறந்துவிட்டால் நம்மவர் கல்யாணங்கள் வரிசையாக வந்துவிடும், தைப்பூசமும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் எங்களில் யாருக்கும் உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படிக்கக்கூட நேரம் இருக்காது. அதற்கு முன்பே, காப்புறுதி விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை என் தொழில் செய்கிறவர்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு திருமணம். காலையில் கோயிலில் முகூர்த்தம், இரவு பினாங்குத் தீவில் ஒரு மண்டபத்தில் விருந்து. இடையில் பக்கத்து ஊரான பிறையில் காரை நிறுத்திவிட்டு நானும் உதவிக்கு வந்த தம்பியும் சாப்பிடப் போனோம். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்பி வந்து பார்த்தால் பின்பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது, பையைக் காணோம். இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், எல்லாம் சேர்த்து 31,000 ரிங்கிட்டுக்குக் குறையாது. காலையில் எடுத்த மெமரி கார்டுகள் என் சட்டைப் பையில் இருந்ததால் தாலி கட்டிய படங்கள் தப்பின. அந்தப் பழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணனை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். போலீஸ் ரிப்போர்ட் எழுதிவிட்டு, அதே அண்ணனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு இரவு விருந்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மனதுக்குள் ஒரு தைரியம் இருந்தது, காப்புறுதிதான் எடுத்து வைத்திருக்கிறோமே என்று. கடையை வாடகைக்கு எடுத்த ஆண்டிலிருந்து தவணை தவறாமல் கட்டி வருகிறேன். ஆனால் பதில் கடிதத்தில் இரண்டே வரிதான் இருந்தது. பொருள்கள் காப்புறுதி செய்யப்பட்ட முகவரிக்கு வெளியே இருந்தபோது களவு போயிருப்பதால் இழப்பீடு கிடையாது. நான் வைத்திருந்தது கடைக்கான தீ, திருட்டுக் காப்புறுதி. கார் காப்புறுதியைக் கேட்டேன், அது காருக்குத்தான், காருக்குள் இருக்கும் பொருளுக்கு இல்லை என்றார்கள். கண்ணாடிக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்ததால் கண்ணாடி மட்டும் புதிதாகக் கிடைத்தது.

ஏஜெண்டைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கடையைப் பற்றிக் கேட்டார், நானும் கடையைப் பற்றித்தான் சொன்னேன். என் கேமரா வாரத்தில் எத்தனை மணி நேரம் கடையில் இருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வேலைக்கு உதவாத நாற்காலிக்கும் திரைக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டிவிட்டு, சோறு போடும் கருவியை வெறுங்கையோடு தெருவில் விட்டிருக்கிறேன். என்னைப் போலவே இன்னும் பலர் இருக்கிறார்கள், இது நடந்த பிறகு நான் பேசிய ஏழெட்டுப் பேரில் ஆறு பேரிடம் இருந்தது கடைக் காப்புறுதி மட்டும்தான், இரண்டு பேரிடம் எதுவுமே இல்லை.

இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கும்போது நான் செய்தது இதுதான். ஒரு தாளை எடுத்து, ஒரே ஒரு திருமண நாளை மணி வாரியாக எழுதினேன். விடியற்காலை நாலு மணிக்குப் பெண் வீட்டில் அலங்காரப் படம், கேமரா என் கழுத்தில், விளக்குத் தாங்கி அவர்கள் வரவேற்பறையில், மின் கம்பி தரையில் குறுக்கே. ஆறரைக்குக் கோயில், அடுத்து கார், அப்புறம் சாப்பாட்டுக் கடை, பாலத்தைக் கடந்து தீவு, மண்டபம், நள்ளிரவில் வீடு. பை அன்றிரவு தங்குவது கடையில் இல்லை, என் படுக்கையறையில். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் அங்கே என்ன கெட்டுப்போகலாம், யாருக்கு அடிபடலாம் என்று எழுதினேன். அந்தத் தாளைத்தான் மூன்று ஏஜெண்டுகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இந்தத் தாளில் எந்த வரிக்கு உங்கள் பாலிசி பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் நேரமில்லை என்றார், மூன்றாமவர் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், அவரிடம்தான் எடுத்தேன்.

கையில் தூக்கித் திரியும் கருவிகளுக்கு ‘ஆல் ரிஸ்க்ஸ்’ என்று ஒரு காப்புறுதி இருக்கிறது. பெயரைப் பார்த்து எல்லா ஆபத்தும் அடங்கிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் காணாமல் போனதற்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். காரில் வைத்துவிட்டுப் போனால் பூட்டியிருக்க வேண்டும், பூட்டை அல்லது கண்ணாடியை உடைத்த தடயம் இருக்க வேண்டும், சில பாலிசிகளில் பை கண்ணுக்குத் தெரியாமல் காரின் பின்பெட்டியிலேயே இருந்திருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கிறதே, அதற்குக் கிடைக்காது, ஏனென்றால் அது மெல்ல மெல்ல வருவது, திடீர் விபத்து இல்லை. உள்ளே பழுதாகி ஷட்டர் நின்றுபோனாலும் இல்லை. டிரோனைத் தனியாகக் கேளுங்கள், விமானம் என்று சொல்லி அதை ஒதுக்கிவிடும் பாலிசிகள் நிறைய. சிங்கப்பூர், ஹாட்ஜாய், சென்னை என்று வெளியே போய்ப் படம் எடுக்கிறவர்கள், பாலிசி மலேசியாவுக்குள் மட்டுமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தொகை. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றாமலே. பிரீமியம் குறையட்டும் என்று 48,000 ரிங்கிட் பெறுமான கருவிகளை 24,000 என்று எழுதிக் கொடுக்கிறோம். 12,000 ரிங்கிட் பொருள் களவு போகிறது, 24,000க்குள்தானே, முழுசாக வரும் என்று நினைக்கிறோம். வராது. பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், மீதிப் பாதி ஆபத்தை நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள் என்று கணக்குப் போட்டு 6,000 என்பார்கள், அதிலும் நாம் ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். இதற்கு ‘ஆவரேஜ்’ விதி என்று பெயர், பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. இன்னொன்று, இன்றைக்குப் புதிதாக வாங்கும் விலையைத் தருவார்களா, இல்லை தேய்மானம் கழித்துத் தருவார்களா என்பது. ஐந்து வருடக் கேமராவுக்குத் தேய்மானம் கழித்தால் கையில் வருவதை வைத்து ஒரு நல்ல ஃபிளாஷ்தான் வாங்கலாம்.

ரசீதுகளையும் ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் படம் எடுத்து, கேமராப் பையில் இல்லாத ஓரிடத்தில் வையுங்கள். நண்பரிடம் பழையதாக வாங்கியிருந்தாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாத இரண்டு லென்ஸை என்னுடையது என்று காட்ட நான் பட்ட பாடு போதும்.

கருவி போனால் பணத்தோடு போயிற்று. ஆள் விழுந்தால்? போன தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் கூட்டத்துக்கு நடுவில் விளக்குத் தாங்கியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன், காவடி ஆடிவரும் வழியில், பிள்ளைகள் ஓடும் இடத்தில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பாட்டி நம் கம்பியில் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் மருத்துவச் செலவு யார் தலையில்? இதற்குத்தான் பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி, ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்பார்கள். ஒன்றை மட்டும் எடுக்கத்தான் பணம் இருக்கிறது என்றால், கேமராவுக்கு எடுப்பதைவிட இதை முதலில் எடுங்கள் என்பேன். கேமராவின் விலைக்கு ஒரு எல்லை இருக்கிறது, இன்னொருவருக்கு ஏற்படும் காயத்துக்கு இல்லை. சில ஹோட்டல்களும் மாநாட்டு மண்டபங்களும் இந்தச் சான்று இருந்தால்தான் உள்ளே விளக்குகளை நிறுத்தவே விடுகின்றன.

எடுத்த படங்களே அழிந்துபோனால் என்ன என்பது வேறு கேள்வி. கார்டுக்குக் காப்புறுதி கார்டின் விலையைத் தரும், அதில் இருந்த தாலி கட்டுப் படத்தைத் தராது. மணமக்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனால் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். நம் வேலையில் நேரும் தவறுகளுக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது, அதில் இப்படிப்பட்ட இழப்பு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதைவிட, ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமராவும், அன்றிரவே செய்யும் இன்னொரு பிரதியும் உங்களைக் காப்பாற்றும்.

கடைக் காப்புறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் தானாக அடங்காது, கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு எப்படி மூழ்கியது என்று நமக்குத் தெரியும். வீட்டில் வேலை செய்கிறவர்கள், வீட்டுப் பொருள் காப்புறுதியில் தொழில் கருவிகளைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் உடம்புக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 2017-இல் வந்த சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் நாமே பதிந்துகொள்ளலாம், வேலையில் ஏற்படும் விபத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும். கூட வரும் தம்பியையும் பதியச் சொல்லுங்கள். அவரை நீங்களே சம்பளத்துக்கு வைத்திருந்தால் முதலாளியாகப் பதிய வேண்டியது உங்கள் கடமை.

ஒரு சட்ட விஷயம் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தில் தனிநபர் காப்புறுதிக்கும் தொழில் காப்புறுதிக்கும் வேறு வேறு விதி. தனிநபர் என்றால் கேட்ட கேள்விகளுக்குக் கவனமாக உண்மையைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு என்றால், கேட்காவிட்டாலும் அவர்கள் முடிவை மாற்றக்கூடியது என்று நமக்குத் தெரிந்ததை நாமே முன்வந்து சொல்ல வேண்டும். டிரோன் பறக்க விடுகிறேன், வெளியூர் போகிறேன், பை இரவில் வீட்டில் இருக்கும், முன்பு ஒருமுறை களவு போனது, இதையெல்லாம் எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக்கு எடுக்கிறேன் என்று சொல்லி மலிவாக வாங்கினால், இழப்பீடு கேட்கும் நாளில் அந்த வார்த்தையே நம்மைக் கவிழ்த்துவிடும்.

நியாயமில்லாமல் மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு, அதன் இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதத்துக்குள், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தைகள் ஒம்பட்ஸ்மன் சேவை. 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது, சிறு, குறு தொழில் செய்கிறவர்களும் போகலாம், கட்டணம் இல்லை. என் விஷயத்தில் நான் போகவில்லை, பாலிசியை வரி வரியாகப் படித்த பிறகு அவர்கள் சொன்னது சரிதான் என்று புரிந்தது.

இப்போது கட்டும் பிரீமியம், 8 விழுக்காடு சேவை வரி, 10 ரிங்கிட் முத்திரை வரி எல்லாம் சேர்த்து, ஒரு திருமணத்துக்கு நான் வாங்கும் முன்பணத்தைவிடக் குறைவு.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலிசிகள் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் வருகின்றன. சின்ன எழுத்தில் இருக்கும் அந்தச் சொற்களுக்கு எல்லாம் நல்ல தமிழில் விளக்கம் எழுதக்கூடிய ஒருவரை வைத்து, தைக்கு முன் ஒரு ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை, மண்டப அலங்காரம், ஒலி ஒளி, மேளம், சமையல் என்று கருவிகளைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் ஓடும் அத்தனை பேருக்கும் அது வேண்டும். என்னிடம் இருக்கும் பாலிசியை, பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, உதாரணத்துக்குத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு திருமணப் புகைப்படக்காரர்,
பட்டர்வொர்த், பினாங்கு