நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை: புல் ஒழிப்பும் கூடுதல் செலவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் கமிட்டியின் வணக்கம்.

தெப்பக்குளப் படிக்கட்டு, கிணற்று மேடை, கம்பிவேலி, நாலு விளக்கு எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "புல்லுப் பிடுங்க ஒண்ணேகால் லட்சமா?" ஆகவே இந்த அறிக்கை புல்லைப் பற்றியே.

புல் வேலைக்கு மதிப்பீடு ரூ. 85,000. இதுவரை கையை விட்டுப் போனது ரூ. 1,27,600. கான்ட்ராக்டருக்கு நிறுத்தி வைத்த ரூ. 15,000 இதில் சேரவில்லை.

முதலில் தர்ப்பை விவகாரம். "கோயிலில் இருந்துகொண்டு தர்ப்பையை அழிக்கலாமா" என்று கூட்டத்தில் சத்தம் போட்டவர்களுக்கு: ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் நம் நந்தவனத்துப் புல்லைத் தர்ப்பை என்றே சொல்கிறார்கள். குழப்பம் அங்கிருந்து வருகிறது. நந்தவனத்தில் இருந்ததன் தாவரவியல் பெயர் இம்பெராட்டா சிலிண்ட்ரிகா. குருக்கள் ஹோமத்துக்குக் கட்டாக வரவழைக்கும் குசப்புல், டெஸ்மோஸ்டாக்கியா என்ற வேறு இனம், அதன் பூங்கதிர் பஞ்சாக இராது. நம்முடையதற்குப் பூ வெள்ளைத் திரி மாதிரி, பஞ்சு பறக்கும். இலை தண்டே இல்லாததுபோல மண்ணிலிருந்து நேராக எழும்பும். இலையின் வெள்ளை நடு நரம்பு நடுவில் இராது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஓரத்தை நுனியிலிருந்து கீழாக உருவினால் விரலைக் கீறும். நாணல் என்றும் சிலர் சொன்னார்கள்; நாணல் ஆளை விட உயரும், அதன் கதிர் கிளைத்துப் பரந்திருக்கும். சந்தேகம் இருந்தால் தோண்டிப் பாருங்கள்: கணுக்கணுவாக வெள்ளை வேர்த்தண்டு, ஊசி நுனி, மென்றால் லேசாக இனிக்கும்.

திருப்பணிக்கு முந்தைய கோடையில் யாரோ நல்லெண்ணத்தில் தீ வைத்தார்கள். மேலே கருகியது, கீழே ஒன்றும் ஆகவில்லை. தீ இந்தப் புல்லுக்கு விருந்து. சில வாரத்தில் சரிவு முழுக்க வெள்ளைப் பூ.

இனி கான்ட்ராக்டர். ஒப்பந்தத்தில் நாம் எழுதியது "புல் அகற்றி நிலம் சமன் செய்தல்" என்ற ஐந்தே வார்த்தை. அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது என்று எழுதாதது கமிட்டியின் தவறு, ஒப்புக்கொள்கிறோம். மாசியில் அவர் ஜேசிபி கொண்டுவந்து ஒன்றரை நாளில் சுரண்டி முடித்தார். பார்க்கச் சுத்தமாக இருந்தது, படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டோம். ஆனால் வேர்த்தண்டு நசுங்கித் துண்டு துண்டாக மண்ணுக்குள் இருந்தது. இரண்டு கணு உள்ள துண்டு போதும், தனிச் செடியாகும். அந்த மண்ணையே, கிராவல் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க, வெளிப்பிரகார நடைபாதைக்கு அடியில் நிரப்பி, மேலே எம்-சாண்ட் போட்டு பேவர் கல் பதித்துவிட்டார். வைகாசியில் கோடை மழை பெய்து எட்டாம் நாள், கல் இடுக்குகளில் குண்டூசி குத்தியதுபோல முளைகள். கையால் இழுத்தால் மேல்துண்டு மட்டும் வந்தது.

அவரைக் கூப்பிட்டால், "புல்லை எடுத்தேன், சமன் செய்தேன், ஒப்பந்தம் முடிந்தது" என்றார். மூன்று முறை பேசினோம். ஒருமுறை குரல் உயர்ந்தது உண்மைதான். கை ஓங்கியதாகச் சொல்லப்படுவது பொய்.

கான்ட்ராக்டருக்கு இதுவரை கொடுத்த ரூ. 70,000 போக, கூடுதல் ரூ. 57,600 போன வழி: பேவர் கல்லைப் பெயர்த்து, மண்ணை மாற்றி, திரும்பப் பதிக்க ரூ. 21,400. ஆள்கூலி 40, ஆளுக்கு ரூ. 700 வீதம் ரூ. 28,000. களைக்கொல்லி மருந்து அடித்தவர்களுக்கு ரூ. 8,200.

ஆள்கூலி ஏன் இத்தனை? குளத்திலிருந்து 30 அடிக்குள் மருந்து கூடாது என்று முடிவு செய்தோம். மண்வெட்டி போட்டால் தண்டு அறுந்து பெருகும். கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழம் நெம்பி, கட்டியை உதிர்த்து, தண்டைக் கையால் உருவி, மண்ணைச் சலிக்க வேண்டும். எடுத்ததைத் தார்ப்பாயில் சருகாகக் காயப்போட்டு அதன் பிறகே எரித்தோம். ஈரமாகக் குப்பைக்குழியில் போட்டிருந்தால் குழியே நந்தவனமாகியிருக்கும்.

மற்ற இடத்தில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. "ஆனியிலேயே அடித்திருக்கலாமே" என்பவர்களுக்கு: சாரல் காலத்தில் இங்கே ஆறு மணி நேரம் மழையில்லாத பகல் கிடைப்பது அரிது, அதற்குள் நனைந்தால் மருந்து வீண். புல்லை முதலில் அறுத்து, ஒரு அடி பச்சை இலை விட்ட பின், புரட்டாசியில் அடித்தோம். இலை தன் சத்தை வேருக்கு இறக்கும் பருவம், மருந்தும் கூடவே இறங்கும். 41 சதவீத மருந்து, லிட்டருக்கு 15 மில்லி. தெளிந்த தண்ணீர் அவசியம், கலங்கலில் மண்துகள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மலிவாக முடித்துத் தருவதாக வந்த புனலூர்க்காரரைத் திருப்பி அனுப்பினோம். அவருடைய கேரளம் 2019-இலேயே இந்த மருந்தைத் தடை செய்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலம் மட்டுமே அடிக்க வேண்டும் என்று அறிவித்தது. உரிமம் உள்ளவர்களையே வைத்தோம், செலவு கூடியது. தையில் முளைத்த இடங்களில் மட்டும் மறுபடி அடித்தார்கள்.

இந்தப் புல்லுக்கு நிழல் ஆகாது. அதனால் ஐப்பசியில் ரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிராக விடும் மியூக்கூனா கொடி நட்டோம். நடுவே புன்னையும் மகிழமும் வைத்திருக்கிறோம். கொடி மரத்தில் ஏறும், மாதம் ஒருமுறை அறுத்துவிட வேண்டும்.

கொடி நாற்றை இலவசமாகத் தந்த நம் ஊர் மருமகன், சல்லடையும் தார்ப்பாயும் தந்த மேலத்தெரு நெல் வியாபாரி, மதியச் சோறு போட்ட கீழத்தெரு மகளிர் குழு, மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள், மரக்கன்று தந்த ஓய்வு பெற்ற வாத்தியார், உண்டியலில் போட்டுப் பேர் வேண்டாம் என்றவர் ஆகியோருக்கு நன்றி. முழுப் பட்டியல் மண்டபச் சுவரில் உள்ளது; பெயர் விடுபட்டவர்கள் கோபிக்காமல் செயலாளரிடம் சொல்லவும்.

பாக்கி ரூ. 15,000-ஐக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். கிணற்றடிக்குப் பின்னால் மூன்று இடத்தில் இன்னும் முளை வருகிறது. நீலக் கயிறு கட்டிய குச்சி ஊன்றியிருக்கிறோம். தயவுசெய்து யாரும் குச்சியைப் பிடுங்க வேண்டாம், புல்லையும் பிடுங்க வேண்டாம்.