தூள் கட்டிபட்டால் மில்லைக் குறை சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சுக்கு, மஞ்சள், வல்லாரைத் தூள் செய்து மருந்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். தூள் போத்தலுக்குள் கட்டிபட்டால் அரைத்த மில்லின் மேல்தான் பழி விழுகிறது. பெரும்பாலும் பிழை அதற்கு முன்பே, காயவைத்த இடத்தில் நடந்துவிடுகிறது.

ஜூன், ஜூலையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையும் மூட்டமும்தான். தார்ப்பாயில் பரப்பிய இஞ்சி காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் 80 பாகை சூட்டில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். தேயிலைக் கொழுந்தை வாடவைத்த பிறகுதானே ட்ரையருக்கு அனுப்புகிறோம்? இஞ்சிக்கும் அந்தப் பொறுமை வேண்டும். 3 முதல் 5 மில்லிமீற்றர் கனத்தில் சீவி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, முதலில் 45 பாகையில் காற்றோட்டம் கொடுத்து, பிறகு 55 – 60க்கு ஏற்ற வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழியில்லாத பெட்டியில் எவ்வளவு சூடேற்றியும் பயனில்லை.

ஒடித்துப் பார்த்து முடிவெடுப்பது போதாது, நிறுக்க வேண்டும். நூற்றுக்கு 85 பங்கு நீருள்ள 10 கிலோ இஞ்சியில் நீர் போக மிஞ்சுவது 1.5 கிலோ. ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கும்போது தராசு ஏறத்தாழ 1.67 கிலோ காட்டும். 1.9 கிலோ காட்டினால் ஈரம் இன்னும் 20 சதவீதத்துக்கு மேல். அதை அரைத்தால் சல்லடைக் கண் அடைபடும், தூள் அப்பிக்கொள்ளும்.

காய்ந்ததைச் சூட்டோடு வாளியில் அடைத்தால் மூடியில் நீர் கோக்கும். இரவெல்லாம் திறந்து வைத்தால் பனிக்காற்றின் ஈரத்தை இழுக்கும். மூடிய உலர்ந்த அறையில் ஆறவைத்து அன்றைக்கே அரைப்பதுதான் சரி. மில்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். தூள் சூடானால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். 80ஆம் நம்பர் சல்லடையில், அதாவது சுமார் 180 மைக்ரோன் கண்ணில், தங்கும் நாரை எறியாமல் மீண்டும் அரைத்துச் சேர்த்துக் கலக்க வேண்டும். முதலில் விழும் மாவும் கடைசியில் வரும் நாரும் ஒரே சரக்கல்ல. மிளகாய் அரைக்கும் மில்லில் மருந்துத்தூளை எந்தக் காரணத்துக்காகவும் அரைக்கக் கூடாது.

ட்ரையரும் ஈரமானியும் தனியாள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. பிரதேச செயலகங்கள் ஊருக்குப் பொதுவாக ஒவ்வொன்று ஏற்படுத்தித் தர வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

மருந்துத்தூள் தயாரிப்போர்,
ஹட்டன்.