எடைக் கணக்கு அழிந்தது, பயனில்லாத ராம் (கம்ப்யூட்டர் மெமரி) விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், நெல் கொள்முதல் மற்றும் அரிசி ஆலை, அம்பாசமுத்திரம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, திருநெல்வேலி.

ஐயா,

பிசான அறுவடை உச்சத்தில் இருந்தபோது, கன்னடியன் கால்வாய்ப் பக்கமிருந்து அம்பை 16 ரக நெல் ஏற்றி வந்த டிராக்டர்கள் எங்கள் எடைமேடை முன்னால் வரிசை கட்டி நிற்க, நீங்கள் போட்டுக் கொடுத்த எடைக் கணக்கு மென்பொருள் ஒரு சீட்டுகூடப் பதிய மாட்டேன் என்று நின்றது. திரையில் பிழை எண் 9002; டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் லாக் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ரிமோட்டில் உள்ளே வந்த உங்கள் பொறியாளர், "லாக் ஃபைல் டிஸ்க்கை அடைச்சிருக்கு சார், அழிச்சிட்டா சரியாயிரும்" என்றார். எங்கள் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரை நிறுத்தி, அந்த லாக் ஃபைலை அழித்து, மறுபடி ஓடவிட்டார். டேட்டாபேஸ், மீட்பு வேலையைத் தொடங்கவே முடியாத 'ரெக்கவரி பெண்டிங்' நிலைக்குப் போனது. பிறகு திறக்கவே இல்லை. "பயப்படாதீங்க, பேக்கப் இருக்கு" என்றார். இருந்தது. முந்தின வாரத்து பேக்கப்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்த என் அக்கா மகன் சென்னையில் இதே டேட்டாபேஸ் நிர்வாக வேலை பார்க்கிறவன். சர்வரின் எரர் லாக்கையும், எஸ்கியூஎல் சர்வர் தன் சொந்தக் குறிப்புகளை வைக்கும் எம்எஸ்டிபி-யில் இருக்கும் பேக்கப் வரலாற்றையும் எடுத்துக் காட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம்.

எங்கள் டேட்டாபேஸை 'ஃபுல்' ரெக்கவரி மாடலில், அதாவது லாக்கை பேக்கப் எடுக்கும்வரை அதில் உள்ளதைக் கழிக்காத முறையில், வைத்தது நீங்கள். அப்படி வைத்தால் லாக்கையும் தனியாக அடிக்கடி பேக்கப் எடுக்க வேண்டும். இரவில் எடுக்கும் முழு பேக்கப் லாக்கைக் காலி செய்யாது. நீங்கள் ஒரு தடவைகூட லாக் பேக்கப் எடுக்கவில்லை. அது வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. முழு பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. இடம் குறைந்ததும் அதுவும் இரவுதோறும் தோற்றிருக்கிறது. தோற்றால் ஒரு மெயிலாவது வரும்படி யாரும் அமைக்கவில்லை. ஏஎம்சி என்கிற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மட்டும் 'தினசரி பேக்கப்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது.

என் வயிறு எரிவது இதற்குக்கூட அல்ல. உங்கள் ஆள் அழித்த அந்த ஃபைலில்தான், கடைசி பேக்கப்புக்குப் பிறகு பதிவான ஒவ்வொரு எடையும் இருந்தது. ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, லாக் பேக்கப்பை அதில் எடுத்திருந்தால் லாக்குக்குள் இடம் கிடைத்திருக்கும், வேலை அப்படியே ஓடியிருக்கும். டேட்டா ஃபைல் கெட்டிருந்தால்கூட, பழைய முழு பேக்கப்பைப் போட்டு அதன்மேல் இந்த லாக்கை ஏற்றிக் கடைசி நிமிடம்வரை மீட்டிருக்கலாம். எலி புகுந்தது என்று பத்தாயத்தையே கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார் உங்கள் பொறியாளர்.

விட்டுப்போன நாட்களின் கணக்கை எடைச்சீட்டு அடிக்கட்டைகளை வைத்துக் கையால் ஏற்றுகிறோம். ஈரப்பதக் கழிவு, முன்பணம் எதுவும் அடிக்கட்டையில் இல்லை. வீரவநல்லூர்ப் பெரியவர் ஒருவர் ஆபீஸில் வந்து உட்கார்ந்து, "கம்ப்யூட்டர்ல போச்சுன்னா என் நெல்லும் போச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு எங்களிடம் இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் உங்கள் பொறியாளரை அனுப்புவீர்களா?

அடுத்தது ராம். போன வருடம் மத்தியானத்துக்கு மேல் எல்லாம் மெதுவாகிறது என்று புகார் செய்தபோது, 16 ஜிபி போதாது, 32 போடுங்கள் என்று நீங்களே விற்றீர்கள். சில நாளில் பழைய கதைதான். எஸ்கியூஎல் சர்வர் கிடைக்கிற மெமரியை எல்லாம் டேட்டாவை வைத்துக்கொள்ள எடுத்துக்கொள்ளும். அது அதன் வேலை முறை, குறை இல்லை. அதனால்தான் 'மேக்ஸ் சர்வர் மெமரி' என்று ஒரு வரம்பு இருக்கிறது. எங்கள் சர்வரில் அது தொடாமல் விட்ட அளவிலேயே இருந்தது: 2147483647 எம்பி, கிட்டத்தட்ட 2 பெட்டாபைட். எடைமேடை புரோகிராமும் பில்லிங்கும் அதே மெஷினில் மிச்சம் மீதிக்கு அல்லாடின. 2019 பதிப்பிலிருந்து இன்ஸ்டால் திரையிலேயே பொருத்தமான அளவை அது பரிந்துரைக்கிறது. எங்களுக்குப் போட்டதும் அந்தப் பதிப்புதான். உங்கள் ஆள் 'நெக்ஸ்ட்' அடித்துத் தாண்டியிருக்கிறார். அக்கா மகன் விண்டோஸுக்கும் மற்றவற்றுக்கும் இடம் விட்டு வரம்பைக் குறைத்தான். ரீஸ்டார்ட்கூடத் தேவைப்படவில்லை. தினமும் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னவர்கள் நீங்கள்.

எனவே ராமுக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். கணக்கை மறுபடி ஏற்றும் ஆட்களின் கூலியும் உங்களுடையது. லாக் பேக்கப் கால் மணிக்கு ஒரு தடவை வேறு டிஸ்க்குக்குப் போக வேண்டும், ஒரு பிரதி ஆலைக்கு வெளியே இருக்க வேண்டும். இனி 'பேக்கப் சக்ஸஸ்' என்ற ரிப்போர்ட்டை அனுப்பாதீர்கள். மாதம் ஒரு நாள் உங்கள் ஆள் நேரில் வந்து, வேறொரு மெஷினில் அந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, டேட்டாபேஸ் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் செக்டிபி சோதனையை ஓட்டி, முந்தின நாளின் கடைசி எடைச்சீட்டைத் திரையில் எனக்குக் காட்ட வேண்டும். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை சித்திரையில் வரும் ஏஎம்சி புதுப்பிப்புக்குக் காசோலை வராது.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்